நீலம் எரிந்தால் நான் இருக்கிறேன்

1

இந்த மாசியோடு எங்கள் வீட்டு வாசல் மணிக்கு ஒரு வயது நிறைகிறது. சிரிக்காதீர்கள். இந்த ஒரு வருஷத்தில் நான் பெற்ற பெண்ணோடு பேசிய நேரத்தைவிட, கட்டிய புருஷனோடு சண்டை போட்ட நேரத்தைவிட, அந்த மணியோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம். அதற்குப் பிறந்தநாள் என்று நாலு வரி எழுதினால் தப்பில்லை.

மணி இருப்பது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், என் அப்பா தனியாக இருக்கும் வீட்டு வாசலில். நான் இருப்பது அயர்லாந்தில், வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஊரில். இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மணி என்றால் கோயில் மணி இல்லை. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. கேமரா, மைக், ஸ்பீக்கர், பேட்டரி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பட்டனை யாராவது அழுத்தினால் இங்கே என் போன் அடிக்கும். நான் வாசலைப் பார்க்கலாம், வந்தவரோடு பேசலாம். எல்லாம் வைஃபை ஒழுங்காக இருந்தால்.

போன வருஷம் தை மாதம் அம்மா போய்விட்டாள். அழுதுகொண்டே ஓடினேன். காரியம் முடிந்த கையோடு, அப்பாவை என்ன செய்வது என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு. என்னோடு வந்துவிடுங்கள் என்றால், அங்கே வந்து நான் இன்னா பண்றது என்றார். திருவண்ணாமலையில் வீடு பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவருக்குப் புளியமரங்கள் இருக்கின்றன, சாமை விதைக்கிற நிலம் இருக்கிறது, சர்க்கரை வியாதி இருக்கிறது. மூன்றில் ஒன்றையும் விட்டு வரமாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல் அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பவர் அவர்.

அப்போது என் புத்திக்கு எட்டியது இந்த மணி. வேலூரில் வாங்கி, கிளம்புகிற அன்று காலையில்தான் வாசல் நிலைக்குப் பக்கத்தில் மாட்ட முடிந்தது. கீழே கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைச் சுற்றி மின்னும் வளையத்தைப் பார்த்து அப்பா கேட்டார்.

“இது இன்னாம்மா, ஒரு தபா செவப்பா எரியுது, ஒரு தபா நீலமா எரியுது?”

“நீலம் எரிஞ்சா நான் இருக்கேன்னு அர்த்தம்ப்பா. செவப்பு எரிஞ்சா நான் இல்லன்னு அர்த்தம். நீங்க எங்க போனாலும் இதுகிட்ட சொல்லிட்டுப் போங்க. எனக்குக் கேக்கும்.”

சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். நீலம் என்றால் இணைப்பு இருக்கிறது, சிவப்பு என்றால் அறுந்துவிட்டது. அதைத்தான் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னதாக எனக்கு நினைப்பு.

2

மூன்றே படிகளில் இணைத்துவிடலாம் என்று அந்த மணியின் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். எழுதிய புண்ணியவான் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டின் முன்பக்கம் முழங்கை நீளத்துக்குக் கனமான கல் சுவர். பின்பக்கம் நான் கட்டிய சிமென்ட் அறைகள். இன்டர்நெட் வயர் பலாமரத்தில் தொங்கிப் பின்பக்கமாக உள்ளே வருகிறது. மணியோ முன்வாசலில். பின்பக்கம் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் கல் சுவரைத் தாண்டாது. அதற்காக மெஷ் என்று மூன்று வெள்ளை டப்பாக்களை வாங்கிப் பின்னறை, நடு அறை, முன்னறை என்று வைத்தேன். பந்தியில் சோற்றுத் தட்டைக் கைமாற்றுவது போல ஒரு டப்பா அடுத்த டப்பாவுக்குச் சிக்னலைக் கைமாற்றும். கடைசி டப்பா மணிக்குக் கொடுக்கும்.

கொடுத்தால் தானே! காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஆப்பைத் திறப்பேன். ‘சாதனம் இணைப்பில் இல்லை.’ மதியம் திறப்பேன். இருக்கும். அப்பா ஒரு வாய் பேசுவதற்குள் வட்டம் சுற்றும். வீட்டுக்கு வந்து திறந்தால் மறுபடி இல்லை. அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கண்ணாடி பவர் ஏறியிருக்கும்.

செங்கத்திலிருந்து வண்டியில் மலையேறி வருகிற வைஃபைக்காரத் தம்பி ஒருவர் உண்டு. பிரபு என்று பெயர். எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில், “சிக்னல் ஃபுல்லா இருக்குதுக்கா.” எங்கே நின்று பார்க்கிறாய் என்று கேட்டால் ரவுட்டர் பக்கத்தில் நிற்பார். ரவுட்டர் பக்கத்தில் ஃபுல்லாக இருக்காமல் என்ன செய்யும்? வாசலுக்கு வந்து பாரப்பா என்றால், வாசலில் நாய் படுத்திருக்கிறது என்பார். ஒரு முறை நான் கத்தின கத்தலில் என் பெண் யாழினி மாடியிலிருந்து இறங்கி வந்து, அம்மா யாரோடு சண்டை என்று இங்கிலீஷில் கேட்டாள். சுவரோடு என்றேன்.

பிறகு நானே உட்கார்ந்து படித்தேன். இந்த டப்பாக்கள் இரண்டு விதமான அலையை ஒரே பெயரில் அனுப்புகின்றன. ஒன்று வேகமானது, தூரம் போகாது. இன்னொன்று மெதுவானது, சுவரைத் தாண்டும். எங்கள் மணிக்கு மெதுவானது மட்டும்தான் தெரியும். பெயர் ஒன்றாக இருப்பதால் அது குழம்புகிறது. அது போதாதென்று, பக்கத்திலிருக்கும் முன்னறை டப்பாவை விட்டுவிட்டுப் பின்னறை டப்பாவைப் போய்ப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. மாமனார் வீடு பக்கத்திலேயே இருந்தும் தூரத்தில் போய்த் தங்குகிற மாப்பிள்ளை மாதிரி.

இதெல்லாம் பாதி. மீதி அப்பா.

மலையில் இடி இடித்தால் முதல் வேலை வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்குவதுதான். டிவி, மிக்ஸி, சார்ஜர், ஒன்று விடமாட்டார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இடிக்காத சாயங்காலம் ஏது? பிடுங்கினால் திரும்பச் செருகவாவது வேண்டும். அதுவும் கிடையாது. இடி இல்லாத நாளில், ஆளில்லாத அறையில் அந்த டப்பா எதற்கு மினுக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சுவிட்சை அணைத்துவிடுவார். அதுதான்ப்பா மணிக்குச் சோறு போடுது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அப்படியா என்று ஆச்சரியமாகக் கேட்டுக்கொள்வார். மறுநாளும் அணைத்துவிடுவார்.

ஆயுத பூஜை அன்று திரை முழுக்க மஞ்சளாக, நடுவில் ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு. அப்பா விழுந்துவிட்டாரோ, வாசலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று, கீழ்வீட்டு ராணி அண்ணிக்குப் போன் போட்டேன். ராணி அண்ணி என் பெரியப்பா மகனின் மனைவி. அப்பாவுக்குச் சோறு, குழம்பு எல்லாம் அவள் கைதான். அவள் மேலே ஏறிப்போய்ப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். மண்வெட்டி, அரிவாள், டிவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அப்பா, மணியை மட்டும் விடுவாரா? எல்லாப் பொருளுக்கும் நெற்றி தேடி வைத்திருக்கிறார். மணிக்கு நெற்றி கேமராக் கண்ணில் அமைந்துவிட்டது.

3

ஊருக்கு நேரில் போய் இதையெல்லாம் சரிசெய்ய வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். போகலாம். திரும்பி வர முடியாது.

இங்கே தங்குவதற்கு ஓர் அட்டை உண்டு. என் அட்டை காலாவதியாகிவிட்டது. புதியதற்குக் கொடுத்திருக்கிறேன். ஆய்வில் உள்ளது என்ற ஒற்றை வரி மட்டும் கம்ப்யூட்டரில் மாறாமல் நிற்கிறது. இந்த நிலையில் நாட்டைவிட்டுப் போகலாமா என்று கேட்டு எழுதினால், போவது உங்கள் விருப்பம், திரும்ப அனுமதிப்பது எல்லை அதிகாரியின் விருப்பம் என்று பதில் வருகிறது. எவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்துகிறார்கள் பாருங்கள்.

தாமதத்துக்குக் காரணம் எங்கள் பெயர்களாம். நான் அலமேலு கோவிந்தன். கோவிந்தன் என் அப்பா. என் வீட்டுக்காரர் சேகர் முனுசாமி. முனுசாமி அவர் அப்பா. யாழினிக்குச் சேகர் பின்னால் வருகிறது. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர் எப்படி என்று விளக்கம் கேட்டார்கள். விளக்கினேன். விளக்கத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். எங்கள் மலையில் யாருக்குமே குடும்பப் பெயர் கிடையாது என்பதற்கு யாரிடம் போய் அத்தாட்சி வாங்குவது? இதில் ஒரு வேடிக்கை, வார்டில் எல்லாரும் என்னைக் கூப்பிடுவது மிஸஸ் கோவிந்தன். காலையிலிருந்து மாலை வரை என் அப்பா பெயரைத்தான் என் காதில் போடுகிறார்கள்.

அந்த வார்டில் என் வேலையே மணிக்குப் பதில் சொல்வது. நோயாளி பட்டனை அழுத்தினால் கட்டிலுக்கு மேலே விளக்கு எரியும். ஒருவர் நேரில் போய், என்ன வேண்டும் என்று கேட்டு அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். தாமதமானால் மேலதிகாரி வந்து கேட்பார். அதனால் எங்கே விளக்கு எரிந்தாலும் கால் தானாக ஓடும்.

வேலை முடிந்தால் வீடு, விட்டால் வேலை. அட்டை வராமல் வீடு மாற்ற முடியாது, வேலை மாற முடியாது, ஊருக்குப் போக முடியாது. அம்மாவின் முதல் வருஷத் திதிக்கும் போக முடியவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்தபடி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு, ஜெயிலில்கூட விடுதலைத் தேதி சொல்வார்களே என்று வாய்விட்டுச் சொன்னேன். சேகர் கத்தியை வாங்கி மீதியை நறுக்கினார்.

4

திதிக்கு முன்னால் மணியையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. பிரபுவை விடவில்லை. போனை மணியின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி, இங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் செய்தார். மெதுவான அலைக்குத் தனிப் பெயர் வைத்தோம். மணியை அந்தப் பெயருக்கு மட்டும் பழக்கினோம். முன்னறை டப்பாவைத் தவிர வேறெதையும் அது பிடிக்கக் கூடாது என்று ஆப்பில் பூட்டினோம். டப்பாக்களை அப்பா கைக்கு எட்டாமல் பரண் உயரத்தில் திருகி, வயரைச் சுவரோடு ஒட்டி, கரண்ட் போனாலும் நிற்காமல் ஓட ஒரு யூபிஎஸ்ஸை வைத்தோம். சுவிட்சுக்கு மேல் மரப்பலகை அடிக்கச் சொன்னேன். இடி இடித்தால்கூட இனி யாராலும் அதைப் பிடுங்க முடியாது.

அன்றிலிருந்து எனக்குத் தெரிந்து மணி ஒரு தடவைகூட அறுந்து விழவில்லை. எப்போது திறந்தாலும் வாசல் பளிச்சென்று தெரிந்தது. திதியன்று ஐயர் வந்ததும் உறவுக்காரர்கள் வந்ததும், அம்மா படத்துக்கு மாலை போனதும் பார்த்தேன். அழுதேன். ஆனாலும் ஒரு சின்ன கர்வம் இருந்தது. அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தேன். திதிக்கு யார் பாயசம் வைப்பார்கள் என்று சேகர் கேட்டார். இது வைஃபைக்கு என்றேன்.

தினமும் என் மதியச் சாப்பாட்டு நேரம் அப்பாவுக்குச் சாயங்காலம். ஆப்பைத் திறந்தால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன். மாத்திரை? ம். இவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள், காலையில உனக்கு வேலை அதிகமோ என்று கேட்டார். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு ஆமாம்ப்பா என்றேன். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இடையில் கோழி போனாலும் ஆடு போனாலும் போன் கிணுகிணுத்ததால், பட்டனை அழுத்தினால் மட்டும் சொன்னால் போதும் என்று ஆப்பில் மாற்றி வைத்தேன். எங்கள் ஊரில் பட்டனை அழுத்துகிறவர் யார்? படியில் நின்று குரல் கொடுப்பார்கள். அதனால் போன் அமைதியாகிவிட்டது. வாசலில் நடப்பதெல்லாம் பதிவாகி எங்கோ சேர்ந்துகொண்டிருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. அப்பா எப்போது பார்த்தாலும் வீட்டில் இருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

5

போன வாரம் ராணி அண்ணி கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

“ஏன் அலமு, உங்கப்பாவ இப்படிக் கட்டிப் போட்டுட்டியே, அவரு இன்னா பாவம் பண்ணாரு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. யாரைக் கட்டிப் போட்டேன், அவர் ராஜா மாதிரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார், நான் தினம் பார்க்கிறேன் என்றேன்.

அதான் சொல்கிறேன், வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றாள் அண்ணி. புளி உலுக்குகிற சமயம் இது. ஊரே மரத்தடியில் கிடக்கிறது. அப்பாவின் மரங்களை அவர் இல்லாமலே அண்ணன் ஆள் வைத்து உலுக்கியிருக்கிறார். டீக்கடைப் பக்கம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. கூப்பிட்டால் இதோ வர்றேன் என்பார், வரமாட்டார். எப்போதாவது கரண்ட் நாள் முழுக்க இல்லாமல் யூபிஎஸ்ஸும் செத்துச் சிவப்பு எரிந்தால் மட்டும் இறங்கி வருகிறாராம். இது எல்லாவற்றையும்விட, சர்க்கரை மாத்திரை தீர்ந்து பதினைந்து நாள் ஆகிறது. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குக் காலை பஸ்ஸில் போனால் வாங்கி வந்துவிடலாம். நாங்க வாங்கியாரோம் என்றால், ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நாளைக்கு நானே போகிறேன் என்கிறார். அந்த நாளைக்கு வரவே இல்லை. காலில் ஒரு புண் வேறு ஆறாமல் இருக்கிறது.

சர்க்கரைக்காரரின் காலில் ஆறாத புண் எங்கே போய் முடியும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வார்டில் தினமும் கட்டுப் போடுகிறேன்.

ஏன் போகமாட்டேன் என்கிறார் என்று கேட்டேன்.

“நீ பதில் சொல்ல மாட்டேன்றியாமே. சொல்லிட்டு நிக்கிறாரு, நிக்கிறாரு, அப்புறம் உள்ள போயிடறாரு. பின்வாசல் வழியா வாங்க மாமான்னா, என் வூட்டுலருந்து நானே திருடனாட்டம் போவணுமான்னு கேக்கறாரு.”

6

வார்டில் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, சேர்ந்து கிடந்த பதிவுகளைத் திறந்தேன்.

இலேசாகப் பனி. அப்பா சட்டை போட்டு, தோளில் துண்டோடு, கையில் மஞ்சள் பையோடு கதவைச் சாத்திவிட்டு வருகிறார். மணிக்கு நேராக நிற்கிறார்.

“அலமு, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றேன்.”

நிற்கிறார். ஒரு கோழி குறுக்கே போகிறது. தொண்டையைச் செருமிக்கொள்கிறார். இன்னொரு முறை சொல்கிறார், கொஞ்சம் மெதுவாக. கிட்டே வந்து உற்றுப் பார்க்கிறார். திரை முழுக்க அவர் முகம். நீல வெளிச்சம் அவர் மூக்கின்மேல் விழுகிறது. வேலையா இருப்ப என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே போகிறார்.

அடுத்த காலை அதே சட்டை, அதே பை. அதற்கடுத்த காலை புளியந்தோப்புக்குப் போகிற பழைய சட்டை. அதற்கடுத்து மறுபடி மஞ்சள் பை. ஒரு நாள், பஸ் வர்ற நேரமாச்சும்மா என்கிறார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்கிறது. திரும்பிப் பாதையைப் பார்க்கிறார், மணியைப் பார்க்கிறார், பாதையைப் பார்க்கிறார். பஸ் போய்விட்ட சத்தம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். அவர் பேசிய அந்த நேரத்திலெல்லாம் இங்கே நடுநிசி. நான் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவர் போய்ட்டு வர்றேன் என்று சொன்னால் போதாது. உள்ளேயிருந்து போய்ட்டு வா என்று பதில் வர வேண்டும். வராமல் படி இறங்கினால் போன காரியம் ஆகாது, போனவர் நல்லபடியாகத் திரும்பமாட்டார் என்று பயம். வீட்டில் ஆளே இல்லையென்றால் பாதகமில்லை, சாமி படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆள் இருந்து பதில் வராததுதான் ஆகாது. அம்மா பின்பக்கம் அடுப்பில் ஊதிக்கொண்டிருப்பாள். அப்பா வாசலில் சொல்வார். அவளுக்குக் காதில் விழாது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே நிற்பார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. என்ன கோபமாக இருந்தாலும் அம்மா கடைசியில், ஆங், போய்ட்டு வா, போய்ட்டு வா என்று கத்துவாள். அப்புறம்தான் அடுத்த கால் இறங்கும். சண்டை போட்ட நாட்களில் அம்மா வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து அவரை நிற்க வைப்பாள்.

மணி சரியாக வேலை செய்யாத காலத்தில் அவருக்குப் பிரச்சினையே இல்லை. சிவப்பு எரியும், நான் இல்லை, அவர் பாட்டுக்குப் போய்விடுவார். நான் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டு, அலையைப் பிரித்து, டப்பாவைப் பூட்டி, பலகை அடித்து, நீலத்தை அணையாமல் எரிய வைத்தேன். மகள் உள்ளே இருக்கிறாள், பதில் சொல்லவில்லை. எப்படி இறங்குவார்?

7

மறுநாள் மதியம், அவருக்குச் சாயங்காலம். நாற்காலியில் இருந்தார்.

“அப்பா, காலையில நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கலப்பா. அப்ப இங்க ராத்திரி. நான் தூங்கிட்டு இருந்தேன்.”

“நீலம் எரிஞ்சுதேம்மா.”

“நீலம் எரிஞ்சா வைஃபை வேலை செய்யுதுன்னு அர்த்தம்ப்பா. அவ்ளோதான்.”

“நீதானே சொன்ன, நீலம்னா நீ இருக்கன்னு.”

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. நான் இருக்கிறேன், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், இறங்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருக்கமாட்டார், மறுநாளும் நின்றிருப்பார். புண் காத்திருக்காது. உடை மாற்றும் அறையில் இரண்டு பேர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதில் எனக்கு ஒரு தைரியம்.

“நான் அங்க இல்லப்பா. நீலம் எரிஞ்சாலும் இல்ல, செவப்பு எரிஞ்சாலும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்.”

அப்பா அசையவில்லை. கண் இமைக்கவில்லை. படம் நின்றுவிட்டது, இணைப்பு போய்விட்டது என்று நினைத்து மேலே பார்த்தேன். சிக்னல் முழுதாக இருந்தது. அவருக்குப் பின்னால் நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு வேறிடத்தில் படுத்தது. படம் நிற்கவில்லை.

இதைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும். நீ பாக்கறதுக்குத்தானே வெச்ச.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மாத்திரை நாளைக்கே வாங்கிக்கறேன்” என்றார்.

வாங்கியும் விட்டார். புண்ணுக்கு ஊசி போட்டுக் கட்டும் கட்டியிருக்கிறார்கள். தினமும் கட்டு மாற்றப் போகிறார். ஆறிவிடும் என்கிறாள் அண்ணி. நான் காலைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஆறிவிடும் போலத்தான் இருக்கிறது.

8

யாழினி பள்ளிக்குக் கிளம்பும்போது போறேன்மா என்பாள். போறேன் என்று சொல்லாதே, போய்ட்டு வர்றேன் சொல்லு, நான் பதில் சொன்ன பிறகு கதவைத் திற என்று இந்த வாரம் பிடித்து நிறுத்தினேன். எனக்குப் பதினைந்து வயசு, எல்லார் முன்னாலும் இது வேண்டுமா என்றாள். யார் எல்லாரும், வீட்டில் நான் மட்டும்தானே என்றேன். நீ எங்கேம்மா இருக்கிறாய், நீ இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தாத்தா வாசலில் அல்லவா இருக்கிறாய் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள். நான் போய்ட்டு வா என்று சொல்லும்போது கதவு மூடியிருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். ஆய்வில் உள்ளது.

காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் முந்தைய காலைப் பதிவைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

அப்பா கதவைச் சாத்துகிறார். சட்டை, துண்டு, மஞ்சள் பை. மணிப் பக்கம் திரும்பவில்லை. சுவரில் ஆணி இருக்கிற மாதிரி அதைக் கடந்து போகிறார். ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்து நிற்கிறார். ராணி அண்ணி வீட்டுப் பக்கம் பார்த்து, போய்ட்டு வர்றேன் என்று குரல் கொடுக்கிறார். பதில் இல்லை. நிற்கிறார். இன்னொரு முறை குரல் கொடுக்கிறார்.

“ஆங், போய்ட்டு வாங்க மாமா.”

அடுத்த காலை இறக்கி நடக்கிறார். அண்ணி வீடு அவ்வளவு கீழே இருக்கிறது, அவள் அடுப்படியிலிருந்து சொல்கிறாள். ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்கிறது. இணைப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது.